பட்டத்து ராணிக்கு ஒரு சாட்சி

ராஜா ராணிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சீட்டுக்கட்டு சொல்லிக்கொடுத்ததுதான். கட்டுக்கு நாலு ராஜா, நாலு ராணி. என் கையில் ஒருத்தர்கூட ஒழுங்காக வந்து சேர்ந்ததில்லை. அப்பேர்ப்பட்ட என்னிடம் போய், நாலே நாளில் ஒரு அம்மாள் பட்டத்து ராணி என்று நிரூபித்துக் கொடு என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நான் என்றால் நான் மட்டும் இல்லை. எங்கள் துப்பறியும் அலுவலகத்தின் முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் 'தந்தி'. ஒரு வாக்கியத்தில் நாலாவது வார்த்தை பேசினால் கட்டணம் கூடிவிடும் என்பது போலப் பேசுவார். எனக்கு 'ரேடியோ' என்று பெயர். காரணத்தை இன்னும் இரண்டு பக்கத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவருடைய மனைவி போய் எட்டு வருஷமாகிறது. எனக்கு அந்தப் பதவிக்கு இன்னும் ஆளே வரவில்லை. இரண்டு பேருக்குமே வீட்டுக்குப் போக அவசரம் கிடையாது என்பதால், எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை.

மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ட் அந்த அம்மாளுக்காக அமர்த்திய வக்கீலம்மா எங்களை நேராக அவர் இருக்கும் மாளிகைக்கே அழைத்துப் போனார். இருபத்திரண்டு அறை. இருபத்தொன்றுக்குப் பூட்டு. மிச்சமிருந்த ஒன்றில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் பட்டுச் சால்வையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ராணியம்மா உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயசு. எங்களை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை.

வக்கீலம்மா பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினார். காலஞ்சென்ற மன்னர் எழுதியது. 'எனக்குப் பின் பட்டத்து ராணி உயிரோடு உள்ளவரை இந்த மாளிகையில் வசிப்பார். அவருக்குப் பின் என் தம்பி வழி வாரிசைச் சேரும்.' அவ்வளவுதான்.

"பட்டமெல்லாம் ஒழிச்சு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே மேடம்? இப்ப யாராவது ராஜான்னு வாசல்ல போர்டு மாட்டினா போலீஸ்தானே வரும்?" என்றேன்.

"சட்டத்துல பட்டம் செல்லாது. ஆனா பத்திரம் எழுதின அன்னிக்குச் செல்லுச்சு. அன்னிக்கு அந்த வார்த்தை யாரைக் குறிச்சுதோ, அவங்களுக்குத்தான் வீடு."

"அப்புறம் என்ன வம்பு?"

"மன்னரோட தம்பி மகன் கேஸ் போட்டிருக்கார். பட்டத்து ராணின்னா மன்னரோட முதல் மனைவியாம். அவங்க எப்பவோ போயிட்டாங்க. இவங்க ரெண்டாந்தாரம், வெறும் இளைய ராணி, பட்டமே கட்டலேங்கிறார். இவங்களை அவர் நேர்ல பார்த்து முப்பது வருஷம் இருக்கும். அதனால என்ன, வீட்டைப் பார்த்திருக்காரே."

தந்தி சார் ராணியம்மாவைப் பார்த்தார். "நீங்க பட்டத்து ராணியா?"

"அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"சாட்சி?"

"யாரும் இல்லீங்க. எதுக்கு அலையறீங்க? விட்டுடுங்க. போகச் சொன்னா போயிடுறேன்."

"எங்கம்மா போவீங்க?" என்று வக்கீலம்மா கேட்டார். ராணியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மாவின் பை சுவரில் இருந்த ஒரு பித்தளைப் பொத்தானில் இடித்தது. பக்கத்து நடையில் எங்கோ 'டிரிங்' என்று மணி அடித்தது. ராணியம்மா விருட்டென்று எழுந்தார். "இதோ வந்துட்டேன்" என்று இரண்டு எட்டு வைத்தவர், அப்படியே நின்றார். பிறகு மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன்" என்றார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. இருபத்திரண்டு அறை வீட்டில் வருஷக்கணக்காக ஒண்டியாகக் கிடந்தால் எனக்கும் மணிச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும். என் ஒற்றை அறையிலேயே எலி ஓடினால் 'யாரு?' என்று கேட்கிறவன் நான்.

வெளியே வந்ததும் தந்தி சார் கேட்டார். "பட்டம் எங்கெல்லாம் வாழும்?"

"பட்டமா? மொட்டை மாடியில, காத்தடிச்சா."

அவர் முறைத்தார். "நாலு இடம். சட்டம். சரித்திரம். கதை. வழிபாடு."

எண்ணிப் பார்த்தேன். ஆறு வார்த்தை. விஷயம் பெரிசுதான்.

முதலில் சட்டம். அரசிதழ் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா ஒட்டடையோடு சேர்த்துப் பழைய கட்டுகளை இறக்கிப் போட்டார். மன்னர் முடிசூடியதற்கு அறிவிப்பு இருந்தது. முடியை இறக்கியதற்கும் இருந்தது. 'இன்று முதல் மன்னர் என்று அழைக்கப்பட்டு வந்தவர் வெறும் பெயரால் மட்டுமே அழைக்கப்படுவார்' என்று ஒன்றரை வரி. ராணியைப் பற்றி மூச்சே இல்லை. "ராணிங்களுக்கு எல்லாம் தனியா அறிவிப்பு போடுறதில்லீங்க. ராஜா வந்தா கூடவே வந்ததா அர்த்தம்" என்றார் குமாஸ்தா.

"ரேஷன் கார்டு மாதிரி," என்றேன்.

அடுத்தது சரித்திரம். அருங்காட்சியகத்தில் மன்னரின் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தது. கீழே தகடு: 'கடைசி மன்னரும் இளைய ராணியும்.' எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல ஆகிவிட்டதே!

"யாரு சார் இளைய ராணின்னு எழுதினது?" என்று காப்பாளரிடம் சண்டைக்கே போனேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவர். அவருக்கு யாரு சொன்னாங்களோ. சரித்திரத்துல ஜெயிச்ச ராஜாவுக்குப் 'பேரரசர்'னு போடுவோம். தோத்தவருக்குக் 'கடைசி'ன்னு போடுவோம். பக்கத்துல நிக்கிறவங்களுக்கு இடம் இருக்கிற அளவுக்கு எழுதுவோம். தகடு சின்னது."

கதைக்கு நூலகத்துக்குப் போனோம். குழந்தைகள் பகுதியில் இருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிரித்தார். "கதையில ராஜாவுக்குப் பேரே கிடையாது தம்பி. ஒரு ஊர்ல ஒரு ராஜா, அவ்வளவுதான். ராணிக்கு ரெண்டே வேலை. மூத்தவளா இருந்தா விஷம் வைக்கணும், இளையவளா இருந்தா அதைக் குடிக்கணும்."

"எங்க கட்சிக்காரங்க இளையவங்கதான்," என்றேன். "இன்னும் குடிக்கல."

இப்படியே இரண்டு நாள் தொலைந்தது. மூன்றாம் நாள் காலையில் மிச்சமிருந்தது வழிபாடு. மாளிகையிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு பழைய பிரார்த்தனைக் கூடம். அன்றைக்கு வாராந்தர வழிபாடு இருந்தது. நாங்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். நீள நீளமான மர பெஞ்சுகள். ஐந்நூறு பேர் உட்காரலாம். ஐம்பது பேருக்கு மேல் வருவதில்லை என்பது தேய்ந்திருந்த பெஞ்சுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

வாரா வாரம் பெயர்களை வாசிப்பது ஒரு பெரியவரின் வேலை. எல்லோரும் அவரை வாசகர் என்றே கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். அவர் முன்னால் இரண்டு மரத்தட்டுகள். வலது தட்டில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்ச் சீட்டு, நீடூழி வாழ. இடது தட்டில் போய்ச் சேர்ந்தவர்களின் சீட்டு, ஆன்ம சாந்திக்கு.

"ராஜா குடும்பத்துக்காக எப்பவாவது வாசிச்சிருக்கீங்களா ஐயா?" என்றேன்.

"எப்பவாவதா? வாரா வாரம் வாசிக்கிறோமே. ஆள்றவங்களுக்காக முதல்ல வேண்டிக்கிறது முறை. மன்னர், பட்டத்து ராணி, அமைச்சர், அப்புறம் நாம எல்லாரும்."

"மன்னராட்சிதான் முடிஞ்சிடுச்சே!"

"எங்களுக்கு யாரும் வந்து சொல்லலையே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நிஜமாத்தான் தம்பி. பேரைக் கொடுத்தவங்க வந்து எடுக்கச் சொன்னாதான் எடுப்போம். அது இங்க சட்டம். இந்தப் பேருங்க அரண்மனையிலேருந்து வந்தது. எடுக்கச் சொல்லி அரண்மனையிலேருந்துதான் ஆள் வரணும். அரண்மனையே இல்லேன்னா யாரு வருவா? அதான் வாசிச்சுக்கிட்டே இருக்கோம்."

தந்தி சார் முன்னால் சாய்ந்தார். "யார் கொடுத்தாங்க? எழுத்துல இருக்கா?"

பெரியவர் உள்ளே போய், தும்மிக்கொண்டே ஒரு பதிவேட்டைத் தூக்கி வந்தார். பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். மன்னரின் சொந்தக் கையெழுத்து. முத்திரை. 'என் மனைவி, இன்றுமுதல் பட்டத்து ராணி. இவர் நலத்துக்காக வேண்டவும்.' கீழே இளைய ராணி என்று எல்லோரும் சொல்லும் அந்த அம்மாளின் பெயர், பளிச்சென்று. அரசிதழுக்குத் தெரியாதது, தகட்டில் இடம் கிடைக்காதது, இங்கே ஐம்பது வருஷமாகத் தூசிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

நான் துள்ளிக் குதித்ததில் பெஞ்சு ஆடியது. "சார்! கேஸ் குளோஸ்! அந்தத் தம்பி மகன் மூஞ்சியை நாளைக்குக் கோர்ட்ல பாக்கணும். வக்கீலம்மாவுக்குப் போன் போடட்டுமா?"

"பொறு."

"இன்னும் எதுக்கு சார் பொறுக்கணும்?"

"வழிபாடு கேட்போம்."

எனக்கு வழிபாட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். இருந்தாலும் உட்கார்ந்தேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வலது தட்டை எடுத்தார். முதல் சீட்டே ராணியம்மாவாகத்தான் இருக்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நம்மை ஆளும் அமைச்சர்கள் நீடூழி வாழ..."

ராணி எங்கே? அமைச்சருக்கு அப்புறம் நீதிபதிகள், மருத்துவர்கள், பிரசவத்துக்குக் காத்திருக்கிற யாரோ ஒரு பெண், கால் ஒடிந்த ஒரு கொத்தனார். தட்டு காலியானது. ராணியம்மா வரவே இல்லை. பெரியவருக்கு வயசாகிவிட்டது, ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அவர் இடது தட்டை எடுத்தார்.

"மன்னர்..." என்று பெயரைச் சொன்னார். அடுத்த சீட்டை எடுத்தார். "பட்டத்து ராணி..." அதே பெயர். "இவர்கள் ஆன்மா அமைதி பெற."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. வழிபாடு முடிகிற வரைக்கும் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே ஆச்சரியம். முடிந்ததும் பெரியவரிடம் ஓடினேன்.

"ஐயா, என்ன காரியம் பண்றீங்க? உயிரோட இருக்கிறவங்களைத் தூக்கிச் செத்தவங்க தட்டுல போட்டுட்டீங்களே! முந்தாநாள் நான் பார்த்துப் பேசிட்டு வந்தேன், குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்காங்க!"

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா வாசிக்கிறேன். இந்தத் தட்டுலேருந்து அந்தத் தட்டுக்கு ஒரு பேர் போகணும்னா சும்மா போகாது. எழுத்து இருக்கும்." சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் தேதி இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்குக் கீழே: 'தெரிவித்தவர்: ராணியின் பணிப்பெண்.'

"பேரைக் கொடுத்தவர் மன்னர். அவரும் போயிட்டார். செத்த சேதியை யாரு வேணா சொல்லலாம். சொன்னவங்களுக்குத்தான் அப்புறம் இந்தச் சீட்டு சொந்தம். அந்த அம்மா மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு வந்து எழுதிக் கொடுத்தாங்க. அன்னியிலேருந்து ஒரு வாரம் தவறினதில்லை. நான் ராணியைப் பார்த்தது கிடையாது தம்பி. இவங்களைத்தான் தெரியும். அதோ, கடைசி வரிசை."

திரும்பிப் பார்த்தேன். கூடம் காலியாகிவிட்டிருந்தது. கடைசி பெஞ்சின் ஓரத்தில், சாயம் போன பழந்துணியில், சால்வை இல்லாமல், ராணியம்மா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டார். எழுந்து ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்.

தந்தி சாரைப் பார்த்தேன். அந்த மனுஷர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மணி."

"என்ன மணி?"

"ராணி மணி அடிப்பாங்க. எழுந்திருக்க மாட்டாங்க."

அடப்பாவி மனுஷா! நான் அன்றைக்குப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மணி அடித்தால் எழுந்து 'இதோ வந்துட்டேன்' என்று ஓடுகிற கால், அரண்மனையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பழகியிருக்கும்.

கடைசி வரிசைக்குப் போனோம். தந்தி சார் அவர் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். நான் முன் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கம்மா," என்றார் சார்.

"சொல்ல என்ன இருக்கு? பன்னெண்டு வயசுல வேலைக்கு வந்தேன். அவங்களுக்கு அப்பப் பதினேழு. மன்னர் போனாரு, ஆளுங்க ஒவ்வொருத்தரா போனாங்க, நாங்க ரெண்டு பேர்தான். அப்புறம் அவங்களுக்கு உடம்புக்கு வந்துச்சு. தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ரயில்ல கூட்டிட்டுப் போனேன். அங்கேயே போயிட்டாங்க. சர்டிபிகேட்டுல எழுத, என்ன தொழில்னு கேட்டாங்க. ராணின்னு சொன்னேன். அப்படியெல்லாம் எழுதக்கூடாதும்மா, சட்டம் மாறிடுச்சுன்னாங்க. இல்லத்தரசின்னு எழுதினாங்க."

அதற்குள்ளும் ஒரு 'அரசி' இருக்கிறாள், சட்டம் பார்த்துப் போட்ட பிச்சை. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"காரியத்தை அங்கேயே முடிச்சுட்டு ஒண்டியா திரும்பி வந்தேன். மூணு மாசம் கழிச்சு, மாளிகையைப் பார்த்துக்கிறதுக்கு டிரஸ்ட்லேருந்து ஒருத்தர் வந்தார். புது ஆளு. அந்தச் சால்வை மடியில இருந்துச்சு, மடிச்சு வெச்சுக்கிட்டு இருந்தேன். வாசல்லேயே நின்னு கும்பிட்டுட்டு, 'ராணியம்மா, நல்லா இருக்கீங்களா?'ன்னு கேட்டார். நான் அவங்க இல்லேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. ஆனா மூணு மாசத்துல ஒரு மனுஷன் என்னைப் பார்த்து நல்லா இருக்கீங்களான்னு கேட்டது அன்னிக்குத்தான். நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், கேப்பார், போவார். காசு பணம் எதுவும் வாங்கலீங்க. அந்த ஒரு ரூம்ல இருந்தேன், அவ்வளவுதான்."

"அப்போ இங்க எதுக்கு வந்து எழுதிக் குடுத்தீங்க? இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா? உங்க கையாலேயே மாட்டிக்கிட்டீங்களே," என்றேன்.

"ஊரை ஏமாத்தலாம். கடவுள்கிட்ட போய் அவங்க உயிரோட இருக்காங்கன்னு எப்படிச் சொல்றது? வாராவாரம் நீடூழி வாழன்னு வாசிக்கிறாங்க, அவங்க அங்க வேண்டுதலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்குத் தாங்கலை."

பெரியவர் தூரத்தில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் இந்த அம்மாள் நடுத்தெருவில் நிற்பார். எதிராளி இருபத்திரண்டு அறையையும் திறந்து தங்கும் விடுதி நடத்துவார். சார் ஏதாவது சொல்லித் தடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்தச் சீட்டு உங்களுக்குச் சொந்தம். நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துடுவாங்க. ஏதோ குழப்பத்துல எழுதிட்டேன், அவங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தப் பேரு வலது தட்டுக்கு வந்துடும். நாளைக்குக் கோர்ட்ல மன்னரே எழுதின பக்கத்தைக் காட்டுவோம். வீடு உங்களுக்கு. சாகிற வரைக்கும் யாரும் அசைக்க முடியாது. யாருக்கு என்ன நஷ்டம்?"

தந்தி சார் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள்தான் பார்த்தார். கோபமில்லாமல் பார்த்தார்.

"அவங்களுக்கு நஷ்டம் தம்பி. கவர்மெண்டு அவங்க பட்டத்தைப் பிடுங்கிருச்சு. மியூசியத்துல இளைய ராணின்னு எழுதி வெச்சிருக்காங்க, நான் போய்ப் பார்த்தேன். மாளிகையில நான் உட்கார்ந்துக்கிட்டேன். அவங்களுக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்தத் தட்டு ஒண்ணுதான். வாரத்துக்கு ஒரு நாள் ஒருத்தர் வாயில பட்டத்து ராணின்னு வர்றாங்க. அதையும் நான் எடுத்துக்கிட்டா நான் மனுஷியே இல்லை."

"உங்களுக்குன்னு யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்லை. அதுக்காக?"

தந்தி சார் எழுந்தார். "ரிப்போர்ட் நான் தரணும். ஆனா முதல்ல நீங்க சொல்றதுதான் மரியாதை." நாங்கள் மூவரும் மாளிகை வரை நடந்தோம். வழியில் அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை பேசினார்.

"அவங்க போனதுக்கு நான் இன்னும் அழல. ஆஸ்பத்திரியில வேலை இருந்துச்சு. அப்புறம் நானே அவங்களா ஆயிட்டேன். யாருக்காகன்னு அழறது?"

மறுநாள் காலை பத்தரைக்குக் கோர்ட். விஷயத்தைக் கேட்டு வக்கீலம்மா முதலில் எங்கள் மேல் எரிந்து விழுந்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார். எதிர்ப்பக்கம் மன்னரின் தம்பி மகன். ஐம்பது வயசு. இஸ்திரி கலையாத சட்டை, கையில் கைப்பேசி. அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

டவாலி வாசலுக்கு வந்து ராணியின் பெயரைக் கூப்பிட்டார். கோர்ட்டில் பட்டம் கிடையாது, வெறும் பெயர். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் எழுந்து போய்க் கூண்டில் ஏறி நின்றார். "அவங்க இல்லீங்க," என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னார். "அவங்க செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சுங்க."

சொல்லி முடித்ததும் உடைந்துவிட்டார். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. முந்தின நாள் செத்தவர்களுக்கு அழுவது போல, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். டவாலி 'அமைதி' என்று சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். கோர்ட் முழுக்கக் காத்திருந்தது.

அழுகை ஓய்ந்ததும் நீதிபதி கேட்டார். "இத்தனை வருஷமா ராணின்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?"

"நான் சொல்லலீங்க ஐயா. அவங்க கூப்பிட்டாங்க. நான் இல்லேன்னு சொல்லல. அது என் தப்புதான்."

"நீங்க யாரு?"

"அவங்களுக்கு வேலை செஞ்சவ."

நீதிபதி பத்திரத்தைப் படித்தார். ராணி காலமாகிவிட்டதால் மாளிகை வாரிசைச் சேரும் என்றார். காலி செய்யப் பதினைந்து நாள் கொடுத்தார். அந்த அம்மாளை ஒரு முறை பார்த்துவிட்டு, அதை முப்பது நாளாகத் திருத்தினார். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

எதிர்ப்பக்கம் அந்த மனுஷர் எழுந்து நின்றிருந்தார். கைப்பேசி மேஜையில் கிடந்தது.

"பெரியம்மா போய்ப் பத்தொன்பது வருஷமா?" என்று கேட்டார். "எனக்கு யாருமே சொல்லலையே?"

"கடுதாசி போட்டேன் தம்பி. விலாசத்துல ஆள் இல்லேன்னு திரும்பி வந்துடுச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார் அந்த அம்மாள். "கடைசி ரெண்டு நாளும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வந்துக்கிட்டே இருக்கீங்கன்னு சொல்லி வெச்சேன்."

அவருடைய வக்கீல் குனிந்து, "ஜெயிச்சுட்டோம் சார்" என்று காதில் சொன்னார். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.